நேரில் வந்து பெற்றுக்கொள்வார்

என் வீட்டுக்காரரின் பெயரை எங்கள் வீட்டுப் போன் சத்தமாகச் சொன்ன அன்று நான் அடுப்பில் உளுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டரை மணி. வீட்டில் நான் மட்டும்தான். மகன் துபாயில் ஆபிஸுக்குப் போயிருந்தான். மருமகளுக்குக் கிளினிக்கில் ரிசப்ஷன் டியூட்டி. ஃபிரிட்ஜின் மேல் இருந்த போன் முதலில் மணி அடித்தது. பிறகு அதிலிருந்த பெண் குரல் அவர் பெயரைச் சொல்லி, "அவர்கள் பணம் செலுத்தியுள்ளார்" என்றது. "ஒரு கறிவேப்பிலைப் பொடி. நேரில் வந்து பெற்றுக்கொள்வார்."

உளுந்து கருகிவிட்டது. அந்த வாடை சாயங்காலம் வரை ஹாலில் நின்றது.

அவர் காணாமல்போய் அப்போது முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஏஜென்ட் மூலமாகக் கட்டட வேலைக்கு வளைகுடாவுக்கு வந்தார். பஹ்ரைனில் குதைபியா என்ற இடத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருப்பதாக முதல் கடிதத்தில் எழுதினார். பிறகு மாதம் ஒன்று வரும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். இருந்தாலும் அவர் கடிதத்தை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை, எழுத்துக்கூட்டி நானே படித்துவிடுவேன். கடைசிக் கடிதத்தில், "சைட் மாறுகிறேன். புது விலாசம் எழுதுகிறேன். அதுவரை பதில் போட வேண்டாம்" என்று இருந்தது. போட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் நானும் போடவில்லை.

திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஷார்ஜாவில் மளிகைக் கடை வாசலில் பார்த்தேன் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் பார்த்ததாக இன்னொருவர். வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று சொன்னவரும் உண்டு. மகன் பதினைந்து வயதில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "இனிமே அந்தாளு பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது" என்றான். வரவில்லை. என் கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமும் மட்டும் இருந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். கம்ப்யூட்டர் படித்தான், இங்கே வந்தான், கல்யாணம் முடித்தான், என்னையும் விசிட் விசாவில் அழைத்துக்கொண்டான்.

ஷார்ஜாவில், ரோலா பகுதியில் எங்கள் வீடு ஆறாவது மாடி. எதிரில் இன்னொரு கட்டடம். அதன் ஜன்னல்களில் எல்லாம் திரை போட்டிருக்கும், ஆள் முகம் தெரியாது. பகலில் வெயில் வெள்ளை வெளேர் என்று அடிக்கும். ஏசி இரைச்சலைத் தவிர சத்தம் இருக்காது. சும்மா இருக்க முடியாமல் பொடி இடிக்க ஆரம்பித்தேன். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. கட்டடத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். மருமகள் வீட்டுத் தொழிலுக்கு லைசென்ஸ் எடுத்தாள். மகன் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, போனிலேயே பார்த்து வாங்குகிற மாதிரி ஒரு பக்கம் செய்தான்.

"பணம் வாங்கறதுக்கு ஒரு சின்ன லைப்ரரி கெடச்சிருக்கும்மா" என்றான்.

லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். "அதுக்கு எடம் வேணாமா?" என்று கேட்டேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். "புஸ்தகம் இல்ல அத்தை. யாரோ எழுதி வச்ச கம்ப்யூட்டர் கோடு. இவரு அதை எடுத்து நம்ம பக்கத்துல சொருகிட்டாரு. சொந்தமா எழுதின மாதிரி மூஞ்சிய மட்டும் வச்சுக்கிட்டாரு."

"யாரு எழுதினது?"

"தெரியாதும்மா. எந்த ஊர்லயோ எவனோ ஒருத்தன். காசு வாங்காம சும்மா குடுத்திருக்கான்" என்றான் மகன். "பெரிய கம்பெனி லைப்ரரி எல்லாம் கனமா இருக்கும். பக்கம் தெறக்கவே நேரமாவும். இது ஒரே ஒரு ஃபைலு. வெயிட்டே கெடையாது."

"என்ன செய்யும்?"

"வாங்கறவங்க கார்டு நம்பர் போட்டா அதைக் கொண்டுபோய் பேங்க்குல கேக்கும். பேங்க் சரின்னு சொல்லிட்டா, திரும்பி வந்து நம்மளக் கூப்பிடும்."

"நாம கூப்பிடாமலா?"

"நாம கூப்பிட வேணாம். அதுவா கூப்பிடும்."

முகம் தெரியாத ஒருத்தன் செய்தது, எடையும் கிடையாது, தானாக வந்து கூப்பிடும் என்றால் எனக்கு என்னவோபோல் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால், பணம் விழுந்ததும் யார், என்ன பொடி என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லும்படி போனில் ஏற்பாடு செய்தான். குரல் சொல்வதைக் கேட்டு நான் பொட்டலம் கட்டுவேன். பெரும்பாலும் ஆண்கள் பெயராகவே வந்தது. வாங்க வந்தவர்களோ பெண்கள். வீட்டுக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் வந்ததற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஊரிலிருந்து வக்கீல் அனுப்பிய காகிதம் வந்திருந்தது. விசிட் விசாவை அதற்குமேல் நீட்ட முடியாது என்றாகிவிட்டது. மகனுடன் நிரந்தரமாக இருக்கிற விசா வேண்டுமென்றால், அப்பா எங்கே என்று கேட்கிறார்களாம். இறந்ததற்குச் சான்று வேண்டும். காணாமல்போன ஆளுக்குச் சான்று ஏது? ஊர்க் கோர்ட்டில் மனு போட்டு, இத்தனை வருஷமாக ஆள் இல்லை, இனி இறந்தவராகக் கருதலாம் என்று உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது. அதில் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அவரிடமிருந்தோ அவரைப் பற்றியோ எனக்கு எந்தத் தகவலும் இல்லை என உறுதி கூறுகிறேன்."

"பேப்பர்லதான் அத்தை. நீங்க எதையும் கழட்ட வேணாம்" என்றாள் மருமகள்.

"மாசக் கடைசிக்குள்ள போடணும்மா. இல்லன்னா ஊருக்குப் போய்த்தான் ஆவணும். அங்க யாரு இருக்கா உனக்கு?" என்றான் மகன்.

யாரும் இல்லை. வீடும் விற்றாயிற்று. சரி, நாளைக்குப் போடுகிறேன் என்றிருந்தேன். அதற்குள் போன் கூப்பிட்டுவிட்டது.

அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஊரில், இந்த வாரத்தில், நான் இடித்த பொடியை நேரில் வந்து பெற்றுக்கொள்வார் என்றால்? கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிறவர் அவர். முப்பத்திரண்டு வருஷத்தில் நாக்கு மாறியிருக்குமோ என்று நினைத்தேன். பொட்டலம் கட்டிக் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். யாரும் வரவில்லை.

மகனிடம் சொல்லலாம். சொல்ல வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். நான் அதுவரை என் வாயால் அதைச் சொன்னதே கிடையாது. ரேஷன் கார்டுக்கு மனு எழுதும்போதுகூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப்போய்ச் சொல்ல வைத்தேன். அந்தப் பேச்சே கூடாது என்ற மகனிடம் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"கண்ணாடி சரியில்ல தம்பி. எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது."

மறுநாளே புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பிறகு வலது கை வலிக்கிறது என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை, அதே பன்னிரண்டரைக்கு, மணி அடித்தது. அதே பெயர். அதே கறிவேப்பிலைப் பொடி. நேரில் வந்து பெற்றுக்கொள்வார். அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. எங்கள் கட்டடத்து லிஃப்டில் மாடி எண் சொல்கிற குரலைப்போல, யாரைப் பற்றிச் சொன்னாலும் ஒரே மாதிரி சொல்லும். அவர் பெயரை இத்தனை சாதாரணமாக ஒரு பெண் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் வரை கதவுக்கு உள்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நாலைந்து முறை நின்றது. ஒருமுறை கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை, மூடிக்கொண்டது.

மூன்றாவது வியாழக்கிழமை நான் பத்து மணிக்கே தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சந்தோஷத்தில் கட்டவில்லை. வந்தால் என்ன கேட்பது என்று தெரியாத பயத்தில் கட்டினேன். பன்னிரண்டரைக்குக் குரல் சொன்னது. ஒரு மணிக்கு வாசல் மணி அடித்தது.

கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு வயதான ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரை. இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது. அவருக்கும் அப்படித்தான் சரிந்திருக்குமா? எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று அப்போதுதான் என்னையே கேட்டுப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவில் இருக்கிற முகம்தான் வந்தது. நடந்து, பேசி, சாப்பிட்ட முகம் வரவில்லை. எதிரில் வந்து நின்றாலும் நான் போட்டோவைத்தான் தேடுவேன்.

சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சம் திறந்தேன். அந்த ஆள் திரும்பினார். கையில் ஸ்பேனர் பை. ஏசி மெக்கானிக். எந்த ஊரோ, தெரியாத முகம்.

"கறிவேப்பிலைப் பொடிக்கா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. என் நல்ல புடவையையும் முகத்தையும் பார்த்தார். "மாஃபி, மாஃபி" என்று, அரபியில் இல்லை இல்லை எனச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, மாடி தப்பி வந்துவிட்டவர்போல லிஃப்டுக்குப் போனார். கதவைச் சாத்தினேன்.

நாலு நாள் கழித்து, நாலாவது மாடியில் இருக்கும் டீச்சர் பெண் பருப்புப் பொடி வாங்க வந்தாள். காலையில் போன் சொன்ன பெயர் ஒரு ஆண் பெயர்.

"உங்க வீட்டுக்காரர் பணம் கட்டிட்டாரும்மா, காலையிலயே சொல்லிடுச்சு" என்றேன்.

"அவரா? நான்தானே கட்டினேன் ஆன்ட்டி. என்ன பேரு சொல்லிச்சு?"

சொன்னேன். ஊரார் பெயர்தானே, அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"அது எங்கப்பா பேரு" என்றாள். "அப்பா போயி ஒம்போது வருஷமாச்சு ஆன்ட்டி."

இரண்டு பேரும் ஃபிரிட்ஜின் மேல் இருந்த போனைப் பார்த்தோம்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்களேன்" என்றாள்.

"அது ஒரு தடவதாம்மா சொல்லும்."

வெளியே லிஃப்டைப் பிடித்துக்கொண்டு அவள் பிள்ளை 'மம்மி' என்று கத்தவும், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக அவர் உயிரோடு இருக்கிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். இந்தக் குரல் செத்தவர்களைத்தான் கூப்பிடுகிறது என்றால், அவர் இல்லை. காகிதம் சொல்வது சரி. ஆனால் அந்த வரி பொய். எந்தத் தகவலும் இல்லை என்று நான் எப்படி எழுதிக்கொடுப்பேன்? வாரம் தவறாமல் வருகிறதே.

அன்று மகன் டியூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

"தம்பி, அந்தப் போன் செத்தவங்க பேரச் சொல்லுதா?"

"என்னம்மா ஒளர்ற?"

"நாலாவது மாடி டீச்சரோட அப்பா பேரச் சொல்லிச்சு. அவரு போயி ஒம்போது வருஷமாம். மூணு வாரமா உங்கப்பா பேரையும் சொல்லுது."

அவன் கையில் ஒரு ஷூவோடு நின்றான். "எங்கப்பா பேரா? நீ சரியா கேட்டிருக்க மாட்ட. என்ன பேரு சொல்லிச்சு, சொல்லு பாப்போம்."

சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். நாக்கு அந்த எழுத்துகளுக்குப் பழக்கமில்லாததால் நடுவில் ஒருமுறை தடுக்கியது. மருமகள் சமையலறையில் மிக்ஸியை நிறுத்தினாள். அவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது. இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தது மூன்று மூச்சில் வெளியே போய்விட்டது.

"வியாழக்கெழமையா?" என்றான் மகன்.

"வியாழக்கெழமைதான். பன்னண்டரைக்கு."

அவன் ஷூவைக் கீழே வைத்தான். "அது நாந்தாம்மா."

எனக்குப் புரியவில்லை. அவன் பர்ஸிலிருந்து தன் கார்டை எடுத்துக் காட்டினான். இங்கிலீஷ் எழுத்து. விரலை வைத்துச் சொன்னான்: "இது என் பேரு. இது அவரு பேரு. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியல விரிச்சு எழுதணும்னு அப்பன் பேரக் குடும்பப் பேரு எடத்துல போட்டுட்டாங்க. வெள்ளக்காரனுக்குக் கடைசியா வர்றதுதான் மரியாதையான பேரு. இந்த லைப்ரரி பேர ரெண்டா ஒடச்சு, கடைசித் துண்ட எடுத்துக்கும். நம்ம ஆளுங்க யாரு கட்டினாலும் அப்பன் பேரத்தான் சொல்லும். நான் அதப் பாக்கவே இல்ல."

"நீ எதுக்குப் பொடி வாங்கின?"

"எதையாவது மாத்தினா, நெஜமா ஒரு தடவ பணம் கட்டிப் பாக்கணும்மா. வியாழக்கெழம மத்தியானம் ஆபிஸ்ல வேல கம்மி. இருக்கறதுலயே வெல கொறஞ்சது கறிவேப்பிலப் பொடி. உன் போனுக்கு வராதுன்னு நெனச்சேன்."

மருமகள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அப்ப மாமா வருவாருன்னுதானா அத்தை பொட்டலம் கட்டி வச்சீங்க? கேன்சல் ஆன ஆர்டருன்னு ரெண்ட நான் பிரிச்சு இட்லிக்கு வச்சுட்டேனே!"

அந்த இட்லியைத் தின்றது மகன். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் நிறுத்தியது அவன்தான்.

"ஆபிஸ்ல எல்லாரும் என்ன அந்தப் பேரச் சொல்லித்தாம்மா கூப்பிடறாங்க" என்றான், என்னைப் பார்க்காமல். "மிஸ்டர்னு போட்டு. பதினோரு வருஷமா. நான் சொந்தப் பேரச் சொன்னாலும் கம்ப்யூட்டர்ல இருக்கறதத்தான் கூப்பிடுவானுங்க. மொதல்ல ரெண்டு மாசம் திரும்பியே பாக்க மாட்டேன். அப்புறம் பழகிடுச்சு."

"நீ சொல்லவே இல்லையே."

"என்னத்தச் சொல்றது?"

வீட்டில் பேசக் கூடாது என்று விலக்கிய பெயரோடுதான் அவன் தினமும் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறான். ஷார்ஜாவில் பார்த்தேன், அங்கே பார்த்தேன் என்று அந்தக் காலத்தில் வந்து சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இந்த ஊரில் ஒரு ஆள் உண்டு. அவனை நான்தான் பெற்றிருக்கிறேன்.

மறுநாள் காகிதத்தை எடுத்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். இப்போது அது உண்மையாகிவிட்டது. மூன்று வாரமாக எனக்கு வந்த தகவல் என் மகன். அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. மகனைக் கூப்பிட்டு, "எங்க போடணும்?" என்றேன்.

இந்தியத் தூதரக அதிகாரி முன்னால்தான் போட வேண்டுமாம். போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் தெரிந்தவர். "ஹஸ்பண்ட் பேரு?" என்றார். மகன் வாயைத் திறந்தான். அவனுக்கு முந்தி நான் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தடுக்கவில்லை. அவர் என் நெற்றியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார்.  என் ஐந்தாங்கிளாஸ் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை குத்தினார். வெளியே வந்து டாக்ஸியில் ஏறும்போது, என் வாயால் இரண்டு தரம் சொன்னேன், அதற்குள் ஆளை முடித்துவிட்டேன் என்று தோன்றியது. பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அந்த வாரமே மகன் லைப்ரரியைச் சரி செய்துவிட்டதாகச் சொன்னான். இனி அப்பன் பேரைச் சொல்லாது, முதல் பேரைத்தான் சொல்லும் என்றான். நானும் மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. அந்தக் குரல் என் மகன் பெயரைச் சொன்னது. நான் வைத்த பெயர். "அவர்கள் பணம் செலுத்தியுள்ளார்" என்றது, அவன் அப்பாவுக்குச் சொன்ன அதே பாவனையில். நேரில் வந்து பெற்றுக்கொள்வார்.

 சோதித்துப் பார்க்கிறான் என்று தெரியும். தெரிந்தும் கை அவனுக்குப் போன் போட்டது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் முறை, "என்னம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்றான்.

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கியா?"

"காலையிலதான பாத்த? இப்பத்தான் டெஸ்ட் பண்ணேன். பேரு சரியா சொல்லிச்சா?"

"உன் பேர அதுலருந்து எடுத்துரு."

"எதுக்கு?"

"எடுத்துருப்பா. யாரு பேரும் வேணாம். பணம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லட்டும்."

அவன் சிரித்தான். ஆனாலும் சாயங்காலம் வந்ததும் எடுத்துவிட்டான். பெயர் இருந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறானாம், அதையும் ஒருநாள் ஒழுங்காக மூட வேண்டும் என்றான். எனக்கு விசா வந்துவிட்டது. அவனுக்கு வேலை கூடிவிட்டது. இன்னும் மூடவில்லை.

அதனால் இப்போது மணி அடிக்கும். உடனே குரல் வராது. ஒரு பெயர் சொல்கிற நேரம் அளவுக்கு ஒன்றும் இருக்காது. ஏசி இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு, "அவர்கள் பணம் செலுத்தியுள்ளார்" என்று வரும். அந்த இடைவெளியில் நான் கரண்டியை அசைப்பதில்லை.